கடையைச் சாத்தச் சொல்ல யாருக்கு அதிகாரம்?

குடியிருப்புத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் புதிதாகப் பரோட்டா கடை வருகிறது. முதல் மாதம் ஒன்பதரைக்கு மூடுகிறார்கள். வியாபாரம் சூடுபிடித்ததும் அது பதினொன்றாகிறது, பிறகு பன்னிரண்டரை. கொத்து பரோட்டா போடும் சத்தம் தெருக்கோடியில் கேட்டால் பசியைக் கிளப்பும். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே கேட்டால் கதையே வேறு. கூடவே எக்ஸாஸ்ட் ஃபேன் இரைச்சல், பார்சலுக்குக் காத்திருக்கும் டெலிவரி பையன்களின் வண்டிகள், சாப்பிட்டு முடித்துவிட்டு நின்று பேசும் நண்பர் கூட்டம்.

குடியிருப்போர் முதலில் போவது கவுன்சிலரிடம். அதில் நியாயமும் இருக்கிறது. கடைக்குத் தொழில் உரிமம் தருவது மாநகராட்சி, தொழில் வரி வாங்குவது மாநகராட்சி, எச்சில் இலையை அள்ளுவதும் மாநகராட்சி. அப்படியானால் ‘பத்து மணிக்கு மேல் அடுப்பு எரியக் கூடாது’ என்று சொல்வதும் மாநகராட்சியாகத்தானே இருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. கடை இருக்கலாமா என்று உள்ளாட்சி சொல்லலாம். எத்தனை மணி வரை இருக்கலாம் என்பதைக் கோட்டை சொல்லும். நடைமுறையில் அதை அமல்படுத்துவது ரோந்து வரும் காவலரின் லத்தி. இந்த மூன்றும் ஒன்றையொன்று கலந்து பேசுவதில்லை.

நேரம் எப்படிக் கோட்டைக்குப் போனது என்பதை அறிய 1947-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு இயற்றப்பட்ட சென்னை மாகாணக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்தான், தமிழ்நாடு என்று பெயர் மாறி, பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. பம்பாய் மாகாணம் 1939-லேயே இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்று: விடிவதற்கு முன் கடை திறந்து நள்ளிரவு வரை நிற்க வைக்கப்பட்ட கடைப் பையனுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் ஓய்வு. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. ஜவுளிக்கடை சிப்பந்திக்கு எதுவுமில்லை. எனவே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை, இவற்றோடு கடை திறக்கும், மூடும் நேரமும்.

சட்டத்தின் 7-வது பிரிவு, கடை எப்போது திறக்கலாம், எப்போது மூட வேண்டும் என்பதை மாநில அரசு ஆணை மூலம் நிர்ணயிக்கலாம் என்கிறது. மூடும் நேரத்தில் கடைக்குள் நிற்கும் வாடிக்கையாளருக்குக் கால்மணி நேரம் சலுகை உண்டு. எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது ஷட்டரை இறக்கத் தேவையில்லை. வெவ்வேறு வகைக் கடைகளுக்கும், வெவ்வேறு பகுதிகளுக்கும், ஆண்டின் வெவ்வேறு காலங்களுக்கும் தனித்தனி நேரம் வைக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கவனிக்க வேண்டியது, இந்தச் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவரே இல்லை. அரசு, முதலாளி, தொழிலாளி, வாடிக்கையாளர், ஆய்வாளர் இருக்கிறார்கள். தொழிலாளிக்காகப் பிடித்த குடையின் ஓரத்தில் பக்கத்து வீட்டுக்காரரும் எழுபது ஆண்டுகள் நனையாமல் நின்றார், அவ்வளவுதான். கடை மூடினால் சிப்பந்திக்கு வீட்டுக்குப் போக முடிந்தது. மேல்மாடிக்காரருக்குத் தூங்கவும் முடிந்தது.

நேரக் கட்டுப்பாடு தொழிலாளர் நலம் சார்ந்தது என்பதை உச்ச நீதிமன்றமும் 1960-இல் உறுதிசெய்திருக்கிறது. வழக்கு பஞ்சாபின் பெரோஸ்பூரில் கடை வைத்திருந்த ஒருவருடையது. வார விடுமுறையென்று அவர் அறிவித்திருந்த கிழமையில் அவர் மகன் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆய்வாளர் வந்துவிட்டார். ‘என் கடையில் கூலிக்கு ஆள் யாருமே இல்லை, நானும் குடும்பமும்தான். யாருடைய நலனுக்காக நான் மூட வேண்டும்?’ என்பது கடைக்காரரின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. தன்னைத்தானே அளவுக்கு மீறி வேலை வாங்கிக்கொள்வதும் உடல்நலக் கேள்விதான், தவிர, விதிவிலக்கு கொடுத்தால் சட்டத்தை அமல்படுத்தவே முடியாது என்றது. மூடும் நாளைக் கட்டாயமாக்குவது அரசியல் சாசனம் தரும் வணிக உரிமைக்கு எதிரானதல்ல என்பது அத்துடன் தீர்ந்தது. அங்கேயும் அக்கம்பக்கத்தார் தூக்கம் பற்றிப் பேச்சில்லை.

குடை மடக்கப்பட்டது 2019-இல். மத்திய அரசு 2016-இல் மாதிரிக் கடைகள் சட்டம் ஒன்றை வெளியிட்டு, மாநிலங்கள் இதைப் பின்பற்றலாம் என்றது. அதன் தொடர்ச்சியாக, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019 மே மாதம் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. மூன்றாண்டுக்கான அனுமதி. 2022-இல் நீட்டித்தார்கள், 2025-இல் மறுபடியும் நீட்டித்தார்கள்.

அந்த ஆணையின் நிபந்தனைகளைப் படித்தால் எழுதியவர்கள் யாரை மனதில் வைத்திருந்தார்கள் என்று புரியும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை. மிகைநேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்குப் பத்தரை மணி, வாரத்துக்கு 57 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும். பெண் ஊழியர்களை இரவு எட்டு மணிக்கு மேல் வேலைக்கு வைக்க எழுத்துப்பூர்வமான சம்மதமும் பாதுகாப்பும் வாகன வசதியும் வேண்டும். எல்லாம் நல்ல நிபந்தனைகள். ஷிப்ட் முறை வந்த பிறகு தொழிலாளியைக் காக்கக் கடையை மூடியாக வேண்டியதில்லை என்ற தர்க்கமும் சரியே. ஆனால் கடை மூடுவதால் தற்செயலாகக் கிடைத்துவந்த இரவு அமைதிக்கு மாற்றாக எதுவும் எழுதப்படவில்லை. கடை எந்தத் தெருவில் இருக்கிறது, மேலே வீடு இருக்கிறதா, சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை.

‘பத்துப் பேர்’ என்ற அளவுகோலும் குடியிருப்போர் கண்ணோட்டத்தில் தலைகீழானது. பத்துப் பேர் வேலை பார்க்கும் உணவகத்துக்கு விடிய விடிய அனுமதி. கணவனும் மனைவியுமாக நடத்தும், ஒரு ட்யூப்லைட்டும் ஒரு பால் அடுப்பும் உள்ள டீக்கடைக்கு அந்த அனுமதி பொருந்தாது. சத்தம் எங்கே அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை வணிகத்துக்கென்று 1994-இல் ஒரு சட்டம் வந்தது. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையே தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்தான் திறக்கலாம்; சின்னக் கடைக்குக் கட்டுப்பாடே இல்லை. பெரியதைக் கட்டு, சிறியதை விடு என்பது அவர்கள் கணக்கு. நாம் அதை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறோம்.

ஆணை வந்தும் கடைகள் நிம்மதியாக நடந்ததா என்றால் அதுவும் இல்லை. இரவு பத்தரை, பதினொரு மணிக்குப் போலீஸ் வண்டி வந்து ‘லைட்டை அணை’ என்று சொல்வது தொடர்ந்தது. பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் பார்சல் கட்டுவது நம் ஊர் உணவகங்களின் தனிக் கலை. அனுமதி பெற்ற கடைகளை மூடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு 2022-இல் காவலர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. மும்பையிலும் இதே கதைதான். மகாராஷ்டிரம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 24 மணி நேர வணிகத்தை அனுமதித்துவிட்டது. இருந்தும், மது விற்கும் இடங்களைத் தவிர மற்றவை இரவு முழுக்கத் திறந்திருக்கலாம், போலீசார் தடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் தனியே ஒரு விளக்க ஆணை போட வேண்டி வந்தது. எழுதிய சட்டம் ஒரு நேரத்தைச் சொல்ல, தெருவில் வேறு நேரம் நடக்கும்போது, இடைவெளியில் என்ன கைமாறும் என்பது கடை நடத்தும் எல்லோருக்கும் தெரியும்.

காவல்துறைக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் 1888-ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டத்திலிருந்து, கொஞ்சம் சட்டம் ஒழுங்கு என்ற பரந்த சொற்றொடரிலிருந்து, மிச்சம் பழக்கத்திலிருந்து. ஒலி விஷயத்தில் மட்டும் அவர்களுக்குத் தெளிவான அதிகாரம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வணிகப் பகுதிக்கு 65, 55. இரவென்றால் பத்து மணி முதல் காலை ஆறு வரை. இந்த விதிகளின்கீழ் நடவடிக்கை எடுக்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், அல்லது டிஎஸ்பி தகுதிக்குக் குறையாத அலுவலர். மாநகராட்சி ஆணையர் அந்த வரையறையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை; கவுன்சிலர் கிட்டத்தில்கூட இல்லை. ஆனால் 45 டெசிபல் என்பது மெதுவாகப் பேசும் அளவு. அதை மீறாத தெரு சென்னையில் இரவில் எது? எல்லோரும் மீறும் வரம்பை வைத்து ஒரு கடையை மட்டும் பிடிப்பது எளிதல்ல.

உள்ளாட்சியிடம் இருப்பது உரிமம். பழைய மாநகராட்சி, நகராட்சிச் சட்டங்களில் ‘அபாயகரமான, அருவருப்பூட்டும் தொழில்கள்’ என்றொரு பட்டியல் இருந்தது; ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 159-வது பிரிவு. தீ, புகை, நாற்றம், கழிவு ஆகியவற்றைப் பற்றிய கவலையிலிருந்து பிறந்தவை இவை. 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்த பிறகும் அந்த மரபுதான் தொடர்கிறது. புகைக்குழாய் உயரம் பற்றி நிபந்தனை போடலாம், கழிவுநீரைப் பற்றிப் போடலாம். நேரத்துக்கென்று மாநிலச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது, அதற்கு முரணாக ஒரு துணைவிதி நிற்காது. அரசியல் சாசனத்தின் 12-வது அட்டவணை நகராட்சிகளுக்குத் தரலாம் என்று 18 பணிகளைச் சொல்கிறது. ஆட்டுத்தொட்டி இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது. கடை நேரம் இல்லை.

இத்தனைக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு என்பதுதான் வேடிக்கை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம். தள்ளுவண்டிக்காரருக்கு இடத்தை நேரப் பகிர்வு முறையில் ஒதுக்கலாம். ஒதுக்கிய நேரம் முடிந்ததும் அவர் தினமும் சரக்கை அகற்றிவிட வேண்டும் என்று அதன் 14-வது பிரிவு சொல்கிறது. இதைப் பார்த்துக்கொள்ள நகர விற்பனைக் குழு. தலைமை மாநகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்துக் காவல்துறை, வணிகர் சங்கம், தன்னார்வ அமைப்பு, குடியிருப்போர் நலச்சங்கம் எல்லோருக்கும் நாற்காலி. கடைக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளாட்சியும் ஒரே மேசையில் உட்கார்ந்து நேரம் பேச இந்நாட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது இட்லி வண்டிக்கு மட்டும். இருநூறு இருக்கை உணவகத்துக்கு அப்படி ஒரு மேசை கிடையாது. குழுக்கள் முறையாகக் கூடுகின்றனவா என்பது வேறு புலம்பல்.

உள்ளாட்சிக்கு நேர அதிகாரம் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல எடுத்துக்காட்டு. 2003-இல் இயற்றப்பட்ட உரிமச் சட்டம், 2005 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதுவரை மாஜிஸ்திரேட்டுகளிடம் இருந்த மது உரிம அதிகாரம் இதன் மூலம் உள்ளூர் மன்றங்களுக்கு மாறியது. இரவு பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை சூடான உணவோ பானமோ விற்பதற்கும் மன்றத்திடம் உரிமம் வேண்டும். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நள்ளிரவில் கொத்து ரொட்டி விற்க வேண்டுமென்றால் முதலில் கடை வாசலில் வெளிர்நீலத் தாளில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். எத்தனை மணி வரை கேட்கிறார் என்பது அதில் இருக்கும். 28 நாள்கள். அதற்குள் தெருவில் உள்ள எவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆட்சேபம் வந்தால் கவுன்சிலர்கள் அடங்கிய துணைக்குழு இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்கும்.

குழு தன் இஷ்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. குற்றத்தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லைத் தடுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு என்ற நான்கு நோக்கங்களுக்குள்தான் பேச வேண்டும். ‘எங்களுக்கு இந்தக் கடை பிடிக்கவில்லை’ என்பது காரணமாகாது. ‘பின்கதவு வழியே பன்னிரண்டு மணிக்குக் குப்பைத் தொட்டியை இழுக்கிறார்கள், அது குழந்தை படுக்கும் அறைக்கு அருகே’ என்பது காரணம். பெரும்பாலும் முடிவு ‘வேண்டும்–வேண்டாம்’ என்று வருவதில்லை. வார நாளில் பதினொன்றரை, வெள்ளி சனி ஒரு மணி, குப்பையை இரவில் வெளியே வைக்காதே, ஜன்னலைச் சாத்து என்ற பாணியில் வருகிறது. ஒத்துக்கொள்ளாதவர் மாஜிஸ்திரேட்டிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமம் பெற்ற பிறகு தொல்லை கொடுத்தால் மறுஆய்வு கேட்கலாம். நீண்ட, அலுப்பூட்டும் நடைமுறை. ஆனால் எல்லாம் எழுத்தில் நடக்கிறது, காரணம் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நம் பத்தரை மணி ரோந்தில் இந்த இரண்டும் இல்லை.

ஆகவே அதிகாரத்தை அப்படியே நம் மாநகராட்சிகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடலாமா? இங்குதான் எனக்குத் தயக்கம். அதற்குக் காரணம் 1880-களின் சான் பிரான்சிஸ்கோ. அந்நகர நிர்வாகக் குழு, குறிப்பிட்ட எல்லைக்குள் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சலவைக்கடைகளில் துவைக்கவோ இஸ்திரி போடவோ கூடாது என்று விதி செய்தது. சொன்ன காரணம் நியாயமானது: நகரம் முழுக்க மரக் கட்டடங்கள், இரவெல்லாம் அடுப்பு எரிந்தால் தீ. 1885-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளில் இந்த இரவுத் தடையை ஏற்றது. குடிமக்களின் பாதுகாப்புக்காக வேலை நேரத்தைக் கட்டுப்படுத்த ஒரு நகராட்சிக்கு அதிகாரம் உண்டு என்றது. பின்னாளில் இத்தகைய விதிகளுக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்பட்ட தீர்ப்புகள்.

ஆனால் அந்தச் சலவைக்கடைகளை நடத்தியவர்கள் யார்? நகரில் இருந்த சுமார் 320 சலவைக்கடைகளில் ஏறக்குறைய 240 சீனர்களுடையவை. சீனர் வெறுப்பு அங்கே கொதித்துக்கொண்டிருந்த காலம். அதே குழுவின் இன்னொரு விதி, மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்தத் தனி அனுமதி வேண்டும் என்றது. இருநூறு சீனர்கள் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாத எண்பது பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் கிடைத்தது. 1886-இல் யிக் வோ எனும் சலவைக்கடையின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், எழுத்தில் பொதுவாக இருக்கும் விதியைத் தீய கண்ணோடும் சமமற்ற கையோடும் செயல்படுத்தினால் அதுவும் அரசியல் சாசனம் தடுக்கும் சமநீதி மறுப்புதான் என்றது. ஒரே ஊர், ஒரே தொழில், ஓராண்டு இடைவெளி.

நம் ஊரில் இதைப் படிக்கும்போது பீஃப் பிரியாணி கடை நினைவுக்கு வராமல் இருக்காது. ‘நாற்றம்’, ‘கூட்டம்’, ‘தெருவின் தரம்’ என்று மனுவில் எழுதப்படும் சொற்களுக்குப் பின்னால் சில சமயம் சத்தமும் இருக்கும், சில சமயம் சாதியும் மதமும் இருக்கும். குடியிருப்போர் சங்கம் என்பது பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களின் சங்கம். இரவு ஷிப்ட் முடிந்து வரும் வாடகைக்காரருக்கும், அரசு மருத்துவமனை வாசலில் விழித்திருக்கும் நோயாளியின் மகனுக்கும், கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவருக்கும் அதில் குரல் இல்லை. அவர்களுக்கு ஒரு மணிக்குத் திறந்திருக்கும் கடைதான் சாப்பாடு.

அதனால்தான் நேரத்தைவிட இடத்தைப் பிரிப்பது முதல் வேலை என்று படுகிறது. 2020 ஜனவரியில் மும்பை இரவு வணிகத்தைத் தொடங்கியபோது, குடியிருப்பல்லாத பகுதிகளில் உள்ள வணிக வளாகங்களையும் பழைய மில் வளாகங்களையும் மட்டும் முதலில் திறந்தது. தமிழ்நாட்டின் திட்டமிடல் விதிகளிலும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்ற பகுப்பு ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவோ வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு நேரம் வைக்கலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. அண்ணா சாலைக்கு ஒரு நேரம், அதன் பின்னால் உள்ள இருபதடிச் சந்துக்கு ஒரு நேரம். சந்தில் விதிவிலக்கு கேட்பவர் மனுவை வார்டு குழுவோ பகுதி சபையோ காரணத்தோடு விசாரிக்கட்டும். தள்ளுவண்டிக் குழுவில் இருப்பதுபோல வணிகருக்கும் அதில் இடம் இருக்கட்டும்.

இப்போதைக்கு, பரோட்டா கடைக்கு மேலே குடியிருப்பவர் கையில் இருப்பவை குறைவு. ஒலி பற்றிய புகார் காவல்துறைக்குத்தான் போக வேண்டும், மாநகராட்சிக்கு அல்ல. புகை, கழிவுநீர் பற்றியதென்றால் மாநகராட்சிக்கு. ஒரு தொழில் அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்தையோ நிம்மதியையோ கெடுக்கிறதென்றால், அதைத் தடுக்க மட்டுமல்ல, ஒழுங்குபடுத்தவும் நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு அது, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. ‘ஒழுங்குபடுத்து’ என்பதில் நேரமும் அடங்கும் என்று நிர்வாக நடுவரான வருவாய்க் கோட்டாட்சியரிடம் வாதிட இடமிருக்கிறது. சாதாரணமாக யாரும் முயல்வதில்லை.

24 மணி நேர அனுமதி 2028-இல் மறுபடி புதுப்பிக்க வரும். ஒவ்வொரு மே 5-ஆம் தேதியும் வணிகர் சங்கங்கள் மாநாடு போட்டுக் கோரிக்கை வைக்கின்றன, முதலமைச்சர்கள் காது கொடுக்கிறார்கள், தவறொன்றுமில்லை. அதற்குள் குடியிருப்புத் தெருக்களில் பரோட்டா கடையைவிடப் புதிய வகை ஒன்று பெருகிவருகிறது: பத்து நிமிடத்தில் பால், முட்டை கொண்டுவந்து தரும் நிறுவனங்களின் கிடங்குகள். பலகை இல்லை, வாடிக்கையாளர் உள்ளே வருவதில்லை, வாசலில் இரவெல்லாம் இருபது வண்டிகள். அது கடையா, கிடங்கா என்பதைக்கூட உரிம ஆய்வாளரும் திட்டமிடல் அலுவலரும் தொழிலாளர் துறையும் இன்னும் ஒரே மாதிரி எழுதிக்கொள்ளவில்லை.